டெயில் லைட்டைக் கழற்றி மாட்டிய பிறகு டிக்கியில் தண்ணீர்: எங்கே அடைப்பது?

கமாயுட் ஃபிட் | ஞாயிறு இரவு

ரங்கூன் கமாயுட்டிலிருந்து எல்லோருக்கும் வணக்கம். என் வண்டி ஹோண்டா ஃபிட், 2005 மாடல், முதல் தலைமுறை. மார்ச் கடைசியில் சிக்னலில் நின்றபோது பின்னால் வந்தவர் இடது மூலையில் இடித்துவிட்டார். ஒர்க்‌ஷாப்பில் டெயில் லைட், பம்பர் இரண்டையும் கழற்றி, ஒடுக்கு எடுத்து, பட்டி பூசி, பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள். பெயின்ட் வேலையில் குறை சொல்ல முடியாது. இடித்த இடமே தெரியவில்லை.

இந்த வாரம் ஒரு பஞ்சர். ஸ்டெப்னியை எடுக்க டிக்கித் தரையைத் தூக்கினால் உள்ளே குளம். நான்கு விரல் உயரத்துக்குத் தண்ணீர், ஜாக்கி முழுக்கத் துரு. மேலே விரித்திருந்த கார்ப்பெட் மட்டும் காய்ந்தேதான் இருந்தது, அதனால் இத்தனை நாள் தெரியாமல் போயிருக்கிறது. கொஞ்ச நாளாக வண்டிக்குள் ஈரச் சாக்கு நாற்றம் அடித்தது. என் மனைவி நான் மீன் வாங்கிவந்த பையை மறந்துவிட்டதாக நினைத்தாள்.

கையில் ஒரு குழாய் சிலிக்கான் இருக்கிறது. டெயில் லைட்டைச் சுற்றி வெளியிலிருந்தே இழுத்துவிட்டால் போதுமா? அல்லது கழற்றிப் பூச வேண்டுமா? ஜூலை மழைக்கு முன் முடித்துவிட வேண்டும்.


பெகு டாக்ஸி | ஞாயிறு இரவு

தம்பி, இதற்கு ஏன் யோசனை? சிலிக்கானை எடுங்கள், லைட்டைச் சுற்றி, பம்பர் மேல் இடுக்கு, நம்பர் பிளேட் லைட், எங்கெல்லாம் இடுக்கு தெரிகிறதோ அங்கெல்லாம் இழுங்கள். விரலில் சோப்புத் தண்ணீர் தொட்டுத் தடவினால் அழகாக உட்காரும். ஸ்டெப்னிக் குழியின் அடியில் ஒரு ரப்பர் மூடி இருக்கும், அதைக் கழற்றிப் போட்டுவிடுங்கள். வருகிற தண்ணீர் தானாகப் போய்விடும். என் டாக்ஸி மூன்று மழைக்காலமாக இப்படித்தான் ஓடுகிறது.


மோல்மின் டிங்கர் | திங்கள் காலை

தம்பி, அந்தக் குழாயின் மூடியைத் திறக்காதீர்கள். திறந்திருந்தால் மூடிவிடுங்கள்.

நான் முப்பது வருடம் ஒடுக்கு எடுத்தவன். இப்போது கண் சரியில்லை, பையன்கள் செய்கிறார்கள், நான் திண்ணையில் உட்கார்ந்து குறை சொல்கிறேன். எங்கள் மோல்மினில் ரங்கூனைவிட மழை அதிகம், வருடத்துக்கு 4,000 மில்லிமீட்டருக்கும் மேல் கொட்டுகிறது. ஒழுகும் வண்டி எங்களுக்கு சீசன் வியாபாரம்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இங்கே ஆற்றங்கரையில் மரத்தோணி கட்டுகிறவர்கள் பலகை இடுக்கில் குங்கிலியத்தை எண்ணெயில் குழைத்து அடைப்பார்கள். தோணிக்கு அது சரி. ஒரு சொட்டும் உள்ளே வரக்கூடாது, வந்தால் இறைத்துத்தான் ஊற்ற வேண்டும். காரை அப்படிக் கட்டவில்லை. கார் ஓலைக் கூரை மாதிரி. மேல் ஓலை கீழ் ஓலையின் மேல் படிந்திருக்கும், தண்ணீர் வழிந்து வழிந்து கீழே ஒரு இடத்தில் விழும். டெயில் லைட்டுக்குப் பின்னால் தண்ணீர் போகத்தான் செய்யும். அது பம்பருக்குப் பின்னால் வழிந்து தரையில் விழ வேண்டும், அவ்வளவுதான். வெளியிலிருந்து சுற்றி அடைத்தால், மேல் இடுக்கில் ஒரு மயிரிழை விட்டுப்போனாலும் நுழைந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். அப்புறம் ஒயர் போகும் ஓட்டை வழியாக டிக்கிக்குள் இறங்கும்.

அடுத்தது: லைட்டின் பின்பக்கம் கறுப்பு ஸ்பாஞ்ச் கேஸ்கெட் ஒன்று ஒட்டியிருக்கும். பதினைந்து இருபது வருடம் நசுங்கிக் கிடந்த ஸ்பாஞ்சை ஒரு தடவை பிரித்தால் பழையபடி எழும்பாது. முக்கால்வாசி ஒர்க்‌ஷாப்பில் அதையே திரும்ப வைத்து மாட்டுவார்கள். அதிலும் உங்கள் வண்டியில் தகடு அடிபட்டு நேராக்கியது, பழைய சமதளம் இருக்காது. ஸ்பாஞ்ச் ஒரு பக்கம் அமுங்கி இன்னொரு பக்கம் தொடாமலே நிற்கும்.

ஆனால் லைட்தான் காரணம் என்று இன்னும் சொல்லவில்லை. தண்ணீர் தேங்கிய இடம் வேறு, நுழைந்த இடம் வேறு. முதலில் நுழைந்த இடத்தைப் பிடியுங்கள்.

குழியை முழுதாகக் காயவையுங்கள். பக்கவாட்டு பிளாஸ்டிக்கையும் அடிக் கம்பளியையும் எடுத்துவிட்டு வெறும் தகடு தெரிய வேண்டும். தகட்டின் மேல் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவுங்கள், அல்லது வீட்டில் தனாக்கா தூள் (முகத்தில் பூசும் மரப்பட்டைத் தூள்) இருந்தால் அதைத் தூவுங்கள். தனாக்கா இன்னும் நல்லது, ஈரம் பட்ட தடம் கோடு மாதிரி தெளிவாகத் தெரியும். ஒருவர் உள்ளே டார்ச்சுடன் படுக்க வேண்டும். வெளியே ஒருவர் ஹோஸில் தண்ணீர் விட வேண்டும். ஹோஸின் வாயை அழுத்திப் பீய்ச்சக் கூடாது, சும்மா வழிய விட வேண்டும். கார் கழுவும் பிரஷர் மெஷின் கூடவே கூடாது, அது நல்ல ரப்பர் பீடிங்குக்குள்ளும் தண்ணீரை ஏற்றிவிடும். கீழே பம்பர் மட்டத்தில் தொடங்கி ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிடம் நிறுத்தி மேலே போக வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லாம் ஒரே நேரத்தில் நனைந்து, எது குற்றவாளி என்று தெரியாது.

டாக்ஸி தம்பிக்கு: அடி மூடியைத் திறந்து வைத்தால் தண்ணீர் போகும், சரி. ரங்கூனில் தெருவில் முழங்கால் அளவு தேங்கும் நாளில் அதே ஓட்டை வழியாகச் சாக்கடை உள்ளே வரும். யோசித்தீர்களா?


பெகு டாக்ஸி | திங்கள் மதியம்

மாமா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் என் வண்டி ஒழுகவில்லையே.


தட்டோன் டீச்சர் | திங்கள் மாலை

டாக்ஸி அண்ணன், உங்கள் வண்டிக் கதவைத் திறந்து மூடும்போது உள்ளே தண்ணீர் ஆடும் சத்தம் கேட்கிறதா? சும்மா கேட்டேன்.

எங்கள் டொயோட்டா புரோபாக்ஸில் நடந்ததைச் சொல்கிறேன், டெயில் லைட் இல்லை, கதவு. போன வருடம் பின்கதவுக் கண்ணாடி ஏற்றும் மோட்டார் கெட்டுப்போய் மாற்றினோம். அதற்கப்புறம் மழை பெய்தால் பின் சீட்டின் கால் வைக்கும் இடம் நனைந்துவிடும். மோட்டார் மாற்றிய கடையில் காட்டினேன். கதவு பீடிங் பழசாகிவிட்டது என்றார்கள், புதிது போட்டோம். நனைந்தது. கண்ணாடி ஓரத்து ரப்பரை மாற்றச் சொன்னார்கள், மாற்றினோம். மறுபடி நனைந்தது. இரண்டுக்கும் கொடுத்த பணத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

கடைசியில் நானே டோர் பேடை, அதாவது கதவின் உட்பக்க அட்டையைக் கழற்றினேன். உள்ளே கதவுத் தகட்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் தாள், சுற்றிலும் கறுப்பான ஒட்டும் பசையால் ஒட்டியிருக்க வேண்டியது. அதைக் கிழித்து, பாதியை விட்டுவிட்டு, மீதிக்கு இரண்டு துண்டு பேக்கிங் டேப் போட்டிருந்தார்கள். கண்ணாடியில் வழியும் மழை கதவுக்குள் இறங்குவது வழக்கமானதுதானாம், அது அடியில் உள்ள ஓட்டைகள் வழியாகப் போய்விடும். அந்தத் தாள்தான் ஈரப் பக்கத்தையும் நாம் உட்காரும் பக்கத்தையும் பிரிக்கிறது. இது எனக்குத் தெரியாது. பதினோரு வருடம் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன், கார்க் கதவுக்குள் மழை போகும் என்று தெரியாது!

நானும் முதலில் டேப்பால்தான் ஒட்டினேன். ஒரு வாரத்தில் பிரிந்துவிட்டது. பிறகு பியூட்டைல் டேப் (இறுகாத ரப்பர் பசை நாடா) வாங்கி, தாளையும் புதிதாகத் தடித்த பிளாஸ்டிக்கில் வெட்டி ஒட்டினேன். அதற்கப்புறம் இன்றுவரை காய்ந்தே இருக்கிறது.


மோல்மின் டிங்கர் | திங்கள் இரவு

டீச்சரம்மா, அருமை. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். தாளின் கீழ் ஓரத்தை எப்படி வைத்தீர்கள்? மேலேயும் பக்கத்திலும் தகட்டின் மேல் ஒட்ட வேண்டும். கீழ் ஓரத்தில் பல வண்டிகளில் ஒரு நீள வெட்டு இருக்கும், தாளின் வால் அதற்குள் நுழைந்து கதவின் உட்பக்கம் தொங்க வேண்டும். அப்போதுதான் தாளில் வழிந்த சொட்டு கதவுக்குள் விழும். வாலை வெளியே விட்டு ஒட்டினால் நீங்களே தண்ணீருக்குக் கார்ப்பெட் வரை வழி போட்டுக் கொடுத்த மாதிரி.

வெட்டு இல்லாத வண்டியில் கீழேயும் முழுக்க ஒட்டியிருப்பார்கள். பழைய பசையின் தடத்தைப் பார்த்தால் தெரியும். அந்தத் தடத்தின் மேலேயே போங்கள், புதிதாக மூளையைப் போட வேண்டாம்.


தட்டோன் டீச்சர் | திங்கள் இரவு

வால் உள்ளேதான் இருக்கிறது. கழற்றும்போது போட்டோ எடுத்து வைத்திருந்தேன்.


பெகு டாக்ஸி | செவ்வாய் காலை

டீச்சர் கேட்ட சத்தம் கேட்கிறது. இடது முன்கதவில். பயணிகளும் கேட்கிறார்கள், "அண்ணே, கதவுக்குள் என்ன, தண்ணீர்க் குடமா" என்று.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் கதவின் அடியில் மூன்று ஓட்டை தெரிந்தது, துரு பிடித்து விழுந்தது என்று நினைத்து சிலிக்கான் வைத்து அடைத்தேன்.


மோல்மின் டிங்கர் | செவ்வாய் காலை

இன்றே ஒரு தீக்குச்சியால் குத்தித் திறந்துவிடுங்கள் தம்பி. குனிந்து நின்று திறக்காதீர்கள், முகத்தில் அடிக்கும்.


பெகு டாக்ஸி | செவ்வாய் மதியம்

திறந்தேன். அரை வாளி. தேநீர்க்கடைப் பையன்கள் வேடிக்கை பார்த்தார்கள். கதவின் அடித்தகடு உள்ளிருந்து அரித்திருக்கிறது, விரலால் அமுக்கினால் அமுங்குகிறது.


கண்ணாடிக்காரர் | செவ்வாய் இரவு

நான் விண்ட்ஷீல்டு மாற்றும் வேலை செய்கிறேன், ரங்கூனில். பசைகளைப் பற்றி எல்லோரும் "சிலிக்கான்" என்ற ஒரே பெயரில் பேசுவதால் வரும் குழப்பம்தான் பாதி. கடையில் குழாய்கள் எல்லாம் ஒரே மாதிரி அடுக்கியிருக்கும், உள்ளே இருப்பது வேறு வேறு.

வினிகர் வாசம் அடிக்கிற சாதா சிலிக்கான் குளியலறைக் கண்ணாடிக்கும் மீன் தொட்டிக்கும். அது காயும்போது அசிட்டிக் அமிலம் விடுகிறது. வெறும் இரும்புத் தகட்டில் படும் இடத்தில் அடியில் துரு தொடங்கும், ஒயர் முனையில் பட்டால் செம்பு பச்சை பிடிக்கும். அதைவிட மோசம், அது ஒருமுறை பட்ட இடத்தில் வேறு எதுவும் ஒட்டாது. பெயின்ட் அடித்தால் மீன் கண் மாதிரி வட்டம் வட்டமாக விலகும். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாலும் கரையாது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும். வாசம் இல்லாத நியூட்ரல் சிலிக்கான் துருவைத் தூண்டாது, அவசரத்துக்குப் பரவாயில்லை என்பேன்.

பாலியூரித்தேன் என்பது நாங்கள் கண்ணாடிக்குப் போடுவது. பலம் அதிகம். காற்றில் உள்ள ஈரத்தை வைத்துத்தான் இறுகும், ஒரு நாளைக்கு மூன்று நான்கு மில்லிமீட்டர் ஆழம் வரை. மழைக்காலத்தில் சீக்கிரம் இறுகும், ஆனால் ஒட்டும் தகடு மட்டும் எலும்பு போலக் காய்ந்திருக்க வேண்டும். காற்றில் ஈரம் வேண்டும், தகட்டில் ஈரம் கூடாது. பிரைமர் என்ற அடிப்பூச்சைப் பூசாமல் ஒட்டினால் ஒரு வருடத்தில் ஓரம் தூக்கும். வெயிலும் அதற்கு ஆகாது. கண்ணாடியின் ஓரத்தில் கறுப்புப் பட்டை அடித்திருப்பது பாதி அழகுக்கு, பாதி அந்தப் பசையை வெயிலிலிருந்து காக்க.

பியூட்டைல் எப்போதும் இறுகாது. சூயிங் கம் மாதிரி இழுபடும். அதனால் திரும்பக் கழற்ற வேண்டிய எதற்கும் அதுதான் சரி: கதவுத் தாள், கூரைக் கேரியரின் கால், பின்ஸ்பாய்லர், சில வண்டிகளில் பக்கக் கண்ணாடி.

டெயில் லைட்டுக்கு கம்பெனி ஸ்பாஞ்ச் கேஸ்கெட் கிடைத்தால் அதையே போடுங்கள். பியூட்டைல் போட்டால் அடுத்தவர் லைட்டை இழுக்கும்போது பிளாஸ்டிக் முளை உடையும்.


மோல்மின் டிங்கர் | செவ்வாய் இரவு

கண்ணாடிக்காரரோடு முக்கால்வாசி ஒத்துப்போகிறேன். இரண்டு இடத்தில் இல்லை.

நியூட்ரல் சிலிக்கானும் பெயின்டுக்கு எதிரிதான். பரவாயில்லை என்று சொல்லி அவசரத்துக்கு வைத்ததைப் பின்னால் சுரண்டுவது என் பையன்கள், நீங்கள் இல்லை.

பியூட்டைல் விஷயம்: ஒடுக்கு எடுத்த தகட்டில் ஸ்பாஞ்ச் போதாது. மேடு பள்ளம் இருக்கும். விரல் தடிமன் கயிறாக உருட்டிய பியூட்டைல் எல்லாப் பள்ளத்தையும் நிரப்பும். கழற்றும்போது வெயிலில் அரை மணி நேரம் வண்டியை நிறுத்தினால் பசை இளகும், இழுத்தால் வரும். ஹேர் டிரையர் என்று புத்தகத்தில் போடுவார்கள், நமக்குக் கரன்ட் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்! அவசரப்பட்டு ஸ்க்ரூ டிரைவரால் நெம்புகிறவன் முளையை உடைப்பான், அது பசையின் குற்றம் இல்லை.


கண்ணாடிக்காரர் | புதன் காலை

சரி மாமா, ஒடுங்கிய தகட்டுக்கு ஒத்துக்கொள்கிறேன். ஒடுங்காத வண்டிக்கு என் பேச்சுதான்.


கமாயுட் ஃபிட் | சனிக்கிழமை இரவு

டிங்கர் மாமா சொன்ன மாதிரியே சோதனை செய்தேன். ஹோஸில் தண்ணீர் வரவில்லை, தொட்டியிலிருந்து வாளியும் குவளையும்தான். டிக்கிக்குள் படுக்க அக்கா மகனைப் பிடித்தேன். ஒன்பது வயது, ஒல்லி. பின் சீட்டை மடக்கிவிட்டு, கதவுகளைத் திறந்து வைத்துத்தான் படுக்க வைத்தேன், யாரும் திட்ட வேண்டாம். தனாக்கா தூள் அக்காவினுடையது, அதற்கு மட்டும் திட்டு வாங்கினேன்.

பம்பர் மட்டத்தில் ஊற்றும்போதே பையன் கத்தினான், "மாமா, கீழே வருது!" நான் லைட்டின் பக்கம் போகவே இல்லை. தூளில் கோடு இடது மூலையின் அடிப்பக்கத்திலிருந்து வந்தது. லைட்டில் ஊற்றியபோது மேல் மூலையிலிருந்து இன்னொரு மெல்லிய கோடு, பத்து நிமிடத்துக்கு நாலைந்து சொட்டு. ஆக இரண்டு இடம்.

பம்பரைக் கழற்றினேன். இடது பக்கம் தகட்டில் ஒரு செவ்வக ஓட்டை, அதில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி, பெட்டியில் நான்கு ரப்பர் இதழ்கள் தொங்குகின்றன. பெட்டியைச் சுற்றி ஸ்பாஞ்ச் இருந்த தடம் மட்டும் இருக்கிறது, ஸ்பாஞ்ச் இல்லை. ஒரு கிளிப்பும் இல்லை, விரலால் தொட்டால் ஆடுகிறது. பெயின்டுக்காகக் கழற்றி அப்படியே செருகியிருக்கிறார்கள்.

இங்கே ஒரு தப்புச் செய்துவிட்டேன். அன்று மதியமே மழை கறுத்துவிட்டது. டாக்ஸி அண்ணனுக்கு போன் செய்தேன், அவர் சொன்னபடி பெட்டி, இதழ், ஓட்டை எல்லாவற்றையும் சேர்த்து சிலிக்கானால் பூசி மூடிவிட்டேன். தண்ணீர் நின்றது. ஆனால் இப்போது ஏசி போட்டால் கண்ணாடி முழுக்கப் புகை மாதிரி படிகிறது. கதவும் ஓங்கி அடித்தால்தான் மூடுகிறது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?


பெகு டாக்ஸி | சனிக்கிழமை இரவு

நான் போனில் சொன்னது "மூடிவிடு" என்று மட்டும்தான். இதழையும் சேர்த்து மூடுவாய் என்று எனக்கு எப்படித் தெரியும் தம்பி.


மோல்மின் டிங்கர் | ஞாயிறு காலை

சம்பந்தம் உண்டு. அது வண்டியின் மூக்கு. வெளிக்காற்று முன்னால் கண்ணாடிக்குக் கீழிருந்து உள்ளே வருகிறது, பின்னால் அந்த இதழ்கள் வழியாக வெளியே போகிறது. கதவை அடிக்கும்போது உள்ளே அமுங்கும் காற்றும் அவ்வழியேதான் போகும். இதழ் உள்ளிருந்து வெளியே மட்டும் திறக்கும். வெளியிலிருந்து தண்ணீர் வந்தால் மூடிக்கொள்ளும். நீங்கள் மூக்கை அடைத்துவிட்டீர்கள், வண்டி மூச்சு விட முடியாமல் கண்ணாடியில் விடுகிறது. டிக்கியில் இன்னும் ஈரமும் இருக்கும்.

சிலிக்கானைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். பழைய ஏடிஎம் அட்டை போதும். கத்தி வேண்டாம், பெயின்ட் போகும். பெட்டியைத் தனியாகக் கழற்றி இதழ்கள் கிழியாமல் பிரியுங்கள். எந்தத் தகடு வெறுமையாகத் தெரிந்தாலும் துருவைத் தேய்த்து, பிரைமர் வைத்து, பெயின்ட் தொட்டு, நன்றாகக் காயவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். பெட்ரோல் போட்டுத் துடைக்க வேண்டாம், எண்ணெய்ப் படலம் விடும். தின்னர் புது பெயின்டைத் தின்றுவிடும்.

பெட்டியைச் சுற்றி பியூட்டைல் கயிறு. இதழ் பக்கம் ஒன்றும் படக்கூடாது. லைட்டுக்கும் அதே கயிறு, ஸ்டட் (லைட்டின் பின்னால் நீட்டும் திருகாணி) போகும் துளைகளைச் சுற்றித் தனியாக ஒரு வளையம். நட்டை இறுக்கும்போது பலம் காட்ட வேண்டாம். பிளாஸ்டிக்கில் பதித்த ஸ்டட் கையோடு வந்துவிடும். ஒயர் போகும் ஓட்டையின் ரப்பர் தன் பள்ளத்தில் சுற்றிலும் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலை ஓட்டிப் பாருங்கள்.

இன்னொன்று. அந்த மூலையில் அடித்து நேராக்கியிருக்கிறார்கள் இல்லையா? இரண்டு தகடு சேரும் இடத்தில் கம்பெனி சீம் சீலர் வரியாக ஓடும். சுத்தியல் பட்டால் அது வெடிக்கும். பெயின்ட் அதன் மேல் மூடிக்கொண்டிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. நகத்தால் கீறிக்கொண்டே போங்கள்.


ஹைபிரிட்காரன் | ஞாயிறு மதியம்

இடையில் நுழைகிறேன். என்னுடையது ஃபிட் ஹைபிரிட். எனக்கும் பின்னால் ஈர நாற்றம். நானும் தரையைப் பிரித்து அதே சோதனையைச் செய்யலாமா?


கண்ணாடிக்காரர் | ஞாயிறு மதியம்

செய்யாதீர்கள். உங்கள் வண்டியில் டிக்கித் தரைக்குக் கீழே ஸ்டெப்னி இல்லை, ஹைபிரிட் பேட்டரி இருக்கிறது. ஆரஞ்சு நிற ஒயர் தெரிந்தால் அது உயர் மின்னழுத்தம். கார்ப்பெட்டைத் தூக்கி ஈரமா என்று தொட்டுப் பாருங்கள், ஈரம் என்றால் வண்டியை ஓட்டாமல் ஹைபிரிட் தெரிந்தவரை வந்து பார்க்கச் சொல்லுங்கள். வாளியும் குவளையும் உங்களுக்கு இல்லை.


தட்டோன் டீச்சர் | ஞாயிறு மாலை

ஒரு சந்தேகம். என் அண்ணன் வண்டியில் மழை இல்லாத நாளிலும் முன்னால் இடது கால் பக்கம் நனைகிறது. அதுவும் கதவுத் தாளா?


மோல்மின் டிங்கர் | ஞாயிறு மாலை

மழை இல்லாமல் நனைந்தால் பெரும்பாலும் ஏசித் தண்ணீர். வலது ஸ்டீயரிங் ஜப்பான் வண்டிகளில் ஏசியின் குளிர்ப் பெட்டி பொதுவாக இடது பக்கம்தான். அதன் வடிகால் குழாய் அடைத்தால் உள்ளே வழியும். தொட்டால் சுத்தமாக, வாசமில்லாமல் இருக்கும். பிசுபிசுப்பும் இனிப்பு வாசமும் இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர், அது வேறு செலவு. ஏசி ஓடும்போது வண்டிக்கு அடியில் சொட்டுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சொட்டவில்லை என்றால் குழாய் அடைப்புதான்.


கமாயுட் ஃபிட் | அடுத்த வெள்ளி இரவு

சிலிக்கானைச் சுரண்ட ஒரு முழு நாள். பூச ஐந்து நிமிடம்தான் ஆகியிருந்தது. பெட்டிக்கும் லைட்டுக்கும் பியூட்டைல் வைத்தேன். கதவு பழையபடி மெதுவாக மூடுகிறது, கண்ணாடியில் புகை இல்லை.

ஆனால் புதன்கிழமை மழைக்குப் பிறகு குழியில் ஒரு கரண்டி அளவு தண்ணீர். உட்கார்ந்து அழலாம் போல இருந்தது. மாமா சொன்னபடி நகத்தால் கீறினேன். லைட் பள்ளத்தின் கீழ் மூலையில் பெயின்ட் உரிந்து வந்தது, அடியில் சீலர் ஒரு விரல் நீளத்துக்கு வெடித்திருக்கிறது. நல்ல பெயின்ட்தான், வெடிப்பையும் அழகாக மூடியிருக்கிறது. மூன்றாவது இடம்!

பழைய சீலரைச் சுரண்டி, துருவைத் தேய்த்து, பிரைமர் பூசி, பாலியூரித்தேன் சீம் சீலர் வைத்து பிரஷால் நீவிவிட்டேன். ஒரு நாள் விட்டு மேலே பெயின்ட். மழை நனைக்காமல் இருக்க வண்டியை மாமனார் வீட்டுக் கொட்டகையில் நிறுத்தினேன். நேற்று இரவு முழுக்கக் கொட்டியது. காலையில் தூவியிருந்த தனாக்கா அப்படியே மாவாக இருந்தது.


மோல்மின் டிங்கர் | அடுத்த வெள்ளி இரவு

நல்லது. இரண்டு மழை பார்த்துவிட்டு கம்பளியைப் போடுங்கள். உடனே போட வேண்டாம். ஜாக்கி துருப்பிடித்த கதையை வைத்துப் பார்த்தால் அதில் திஞ்ஜான் நீர்த் திருவிழாத் தண்ணீரும் சேர்ந்திருக்கும். ஊரே நாலு நாள் ஊற்றியதை ஏப்ரலிலேயே தூக்கிப் பார்த்திருந்தால் ஜாக்கி பிழைத்திருக்கும். அடி மூடியைத் திரும்ப மாட்டினீர்களா?


கமாயுட் ஃபிட் | சனிக்கிழமை காலை

மாட்டினேன். கம்பளி இன்னும் காயவில்லை, இந்த மழையில் எங்கே காயும். மொட்டை மாடியில் தகரத்துக்குக் கீழே தொங்குகிறது. வண்டியில் வெளிக்காற்றை விட்டு ஏசி ஓட்டுகிறேன். அக்கா ஒரு பையில் அடுப்புக்கரி போட்டுக் கொடுத்தாள், நாற்றம் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

சுரண்டும்போது இதழ்களில் ஒன்று ஓரத்தில் கிழிந்துவிட்டது. ரங்கூனில் யாரிடமாவது உடைத்த ஃபிட் வண்டியின் அந்தப் பெட்டி இருந்தால் சொல்லுங்கள், வந்து வாங்கிக்கொள்கிறேன்.


பெகு டாக்ஸி | சனிக்கிழமை மதியம்

எங்கள் ஊரில் பழைய வண்டி உடைக்கும் இடத்தில் ஒரு ஃபிட் கிடக்கிறது. திங்கள்கிழமை அந்தப் பக்கம் போவேன், பார்த்துக் கழற்றி வருகிறேன். காசு வேண்டாம். என் கதவுக்கு அடித்தகடு வெட்டி வைக்க வேண்டும், மோல்மின் மாமாவிடம் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.